நகைக்கடைக்காரன் பாதுகாப்புக்கு எந்த போர் (குழாய்த் துளை அளவு) கைத்துப்பாக்கி வாங்குவது? பாயின்ட் 32 போதுமா?

தெற்காவணிக்காரன்

எல்லாருக்கும் வணக்கம். மதுரை தெற்காவணி மூல வீதிப் பக்கம் நானும் தம்பியும் சின்னதாக நகைக்கடை வைத்திருக்கிறோம், வீடு கே.புதூரில். பழைய தங்கம் எடுக்கிற கடை என்பதால் சில நாள் ராத்திரி சரக்கும் ரொக்கமும் எங்களோடு வீட்டுக்கு வந்துவிடும், வேறு வழியில்லை. எங்களைப் போலவே தொழில் செய்கிற ஒருவரைப் போன வருடம் வழிமறித்து வெட்டிவிட்டுப் பையைப் பிடுங்கிக்கொண்டு போனார்கள், அவருக்கு இன்னும் இடது கை சரியாக மடங்கவில்லை. அதற்கு அப்புறம்தான் வீட்டில் உட்கார்ந்து பேசி, கமிஷனர் ஆபீசில் துப்பாக்கி லைசென்சுக்கு மனு போட்டோம். ஸ்டேஷன் விசாரணை முடிந்துவிட்டது, கிடைத்துவிடும் என்றுதான் தெரிகிறது.

இப்போது குழப்பம் எந்த போர் வாங்குவது என்பதில். டெக்சாசில் இருக்கும் சித்தப்பா மகன் 9 எம்எம்முக்குக் கீழே எதையும் தொடாதே, முடிந்தால் பாயின்ட் 45 எடு, 32 எல்லாம் விளையாட்டுச் சாமான் என்கிறான். கடையில் கேட்டால் 32 ரிவால்வர், 32 பிஸ்டல் இரண்டைத்தான் காட்டுகிறார்கள். இன்னொருவர் 22 ரிவால்வர் இருக்கிறது, வெறும் கால் கிலோ எடை, சட்டைப் பையில் கிடந்தால் தெரியாது என்கிறார். யூடியூப் வீடியோ பார்க்கப் பார்க்கத் தலைசுற்றல்தான் கூடுகிறது, எல்லாம் அமெரிக்கக்காரர்கள் பேசுவது.

வீட்டில் அம்மா, என் மனைவி, தம்பி குடும்பம், பிள்ளைகள் நான்கு பேர். இருபுறமும் அடுத்த வீட்டுச் சுவர் ஒட்டியிருக்கிற வீடு. நான் இதுவரை துப்பாக்கி தொட்டதில்லை. 32 ஒரு ஆளை நிறுத்துமா நிறுத்தாதா, ரிவால்வரா பிஸ்டலா, தெரிந்தவர்கள் விவரமாகச் சொல்லுங்கள்.

ஹவில்தார் உசிலம்பட்டி

தம்பி, முதலில் 9 எம்எம்மையும் 45ஐயும் மனதிலிருந்து எடுத்துவிடுங்கள். டெக்சாசில் அது கடையில் போய் வாங்குகிற சாமான், இங்கே தடை செய்யப்பட்ட போர். ராணுவமும் போலீசும் வைத்திருக்கிற தோட்டா எந்தத் துப்பாக்கியில் ஏறுமோ அந்தத் துப்பாக்கி பொதுமக்கள் கைக்கு வரக்கூடாது என்பதுதான் இங்கே வெள்ளைக்காரன் காலத்திலிருந்து வருகிற கணக்கு. திருட்டுப் போன சர்க்கார் தோட்டா வெளியே உபயோகப்படக் கூடாது, அவ்வளவுதான் விஷயம். சர்வீஸ் 9 எம்எம், பாயின்ட் 45, பழைய பிரிட்டிஷ் வெப்லி ரிவால்வரின் பாயின்ட் 455, பாயின்ட் 380 எல்லாம் அதில் அடங்கும். அந்த லைசென்சைக் கொடுக்கிற அதிகாரம் கமிஷனருக்கும் கிடையாது கலெக்டருக்கும் கிடையாது, டெல்லியில் உள்துறை அமைச்சகத்துக்குத்தான். ஆகவே உங்களுக்கு நடைமுறையில் மிஞ்சுவது 32, 22, அப்புறம் நீளத் துப்பாக்கி என்றால் 12 போர்.

இனி 32 நிறுத்துமா என்கிற கேள்வி. உங்கள் சித்தப்பா மகன் சொல்வதில் உண்மை இருக்கிறது, அதை மறைத்துப் பேசக் கூடாது. 9 எம்எம் குண்டு ஏறக்குறைய 8 கிராம், குழாயை விட்டு வெளியே வரும்போது 450லிருந்து 550 ஜூல் சக்தியோடு வரும். 32 பிஸ்டல் தோட்டா, அதாவது 7.65 பிரவுனிங் என்று பெட்டியில் போட்டிருப்பது, குண்டு எடை 5 கிராமுக்கும் குறைவு, சக்தி 170, 180 ஜூல். 32 ரிவால்வர் தோட்டா வேறு, அதன் பெயர் ஸ்மித் அண்ட் வெஸ்ஸன் லாங். குண்டு கொஞ்சம் கனம், 6 கிராமுக்குக் கூடவே இருக்கும், வேகம் குறைவு, சக்தியில் கிட்டத்தட்ட அதே இடம். இரண்டுக்கும் 32 என்றே பெயர் இருப்பதால் ரிவால்வர் வாங்கிவிட்டுப் பிஸ்டல் தோட்டா கேட்டு நிற்பவர்களை நான் பார்த்திருக்கிறேன், ஒன்று மற்றதற்குச் சேராது, கவனம். ஆக 9 எம்எம்மில் மூன்றில் ஒரு பங்கு சக்திதான் 32.

ஆனால் சக்தியை மட்டும் வைத்து ஆள் விழுவானா என்று பார்க்க முடியாது. சினிமாவில் காட்டுகிற மாதிரி குண்டு பட்டதும் பின்னால் தூக்கி எறியப்படுவது எந்தக் கைத்துப்பாக்கியிலும் நடக்காது. அப்படித் தூக்கி எறிகிற விசை இருந்தால் சுடுகிறவன் கையும் அதே விசையை வாங்கியிருக்க வேண்டும். ஆள் உடனே நிற்பது இரண்டே காரணத்தால்: மூளையிலோ முதுகுத்தண்டின் நரம்பிலோ பட வேண்டும், அல்லது இதயம், பெரிய ரத்தக்குழாய் கிழிந்து ரத்தம் போக வேண்டும், பின்னதற்கு நேரம் பிடிக்கும். பயத்திலும் வலியிலும் ஓடுவது தனி, அது பெரும்பாலும் நடக்கும், ஆனால் நம்பி உட்கார முடியாது.

இதில் அமெரிக்கக்காரர்கள் படித்த பாடம் பெரியது. 1986 ஏப்ரலில் மயாமியில் எஃப்பிஐ ஆட்களுக்கும் இரண்டு கொள்ளைக்காரர்களுக்கும் நடுத்தெருவில் சண்டை நடந்தது. ஒருவனுக்கு ஆரம்பத்திலேயே பட்ட 9 எம்எம் குண்டு கையைத் துளைத்து மார்புக்குள் போய் இதயத்துக்குக் கொஞ்சம் முன்னால் நின்றுவிட்டது. அவன் அதோடு தொடர்ந்து சுட்டான், இரண்டு அதிகாரிகள் செத்தார்கள். அதற்கு அப்புறம்தான் குண்டு எவ்வளவு ஆழம் போகிறது என்பதே முதல் கணக்கு என்று முடிவு செய்து, உடம்புச் சதைக்குப் பதிலாக ஜெலட்டின் கட்டியில் சுட்டு 12லிருந்து 18 அங்குலம் போக வேண்டும் என்று வரையறுத்தார்கள். பெரிய போருக்கு மாறி 10 எம்எம் எடுத்தார்கள், அது கையை உதைக்கிறது என்று பாயின்ட் 40க்கு வந்தார்கள், தோட்டா நன்றாக மேம்பட்டதும் திரும்பவும் 9 எம்எம்முக்கே போய்விட்டார்கள். உலகத்திலேயே அதிகம் செலவு பண்ணி இதைச் சோதித்த ஆட்களே போரைப் பெரிதாக்கிப் பார்த்துவிட்டு, ஆள் குறி தவறாமல் சுட முடிகிற அளவுக்குத் திரும்பி வந்தார்கள் என்பதுதான் நாம் இதில் பார்க்க வேண்டியது.

32ல் இங்கே கிடைக்கும் உருண்டை மூக்குத் தோட்டா விரிந்து பெரிய காயம் பண்ணாது, ஆனால் ஆழத்தைப் பொதுவாக எட்டிவிடும். மேற்கு ஜெர்மனி போலீஸ் 1970கள் வரைக்கும் இடுப்பில் வைத்திருந்தது இதே 7.65தான். ஆகவே விளையாட்டுச் சாமான் என்று சொல்வது தப்பு. தாராளமாகப் போதும் என்று சொல்வதும் தப்பு. படவேண்டிய இடத்தில் பட்டால் போதும், ஒன்றுக்கு மேல் சுட வேண்டியிருக்கும் என்று நினைத்தே பழக வேண்டும்.

22 பற்றி ஒரு வார்த்தை. அந்தக் கால் கிலோ ரிவால்வர் நன்றாகத்தான் இருக்கிறது, ஆனால் 22 தோட்டாவில் மருந்து பற்றவைக்கிற கலவை அடிவிளிம்பைச் சுற்றி இருக்கும், நடுவில் தனி கேப் கிடையாது. அதனால் வெடிக்காமல் போகிற வாய்ப்பு 32ஐவிடக் கூடுதல். எடை குறைவு என்பதற்காக அதை எடுக்காதீர்கள்.

தெற்காவணிக்காரன்

அண்ணே, இவ்வளவு விவரமாக யாருமே சொல்லவில்லை, ரொம்ப நன்றி. அப்படியென்றால் ரிவால்வரா பிஸ்டலா? பிஸ்டலில் தோட்டா கூடுதல் என்கிறார்கள். இன்னொருவர் பழைய வால்த்தர் பிஸ்டல் ஒன்று கைமாற்றித் தருகிறேன் என்று பல லட்சம் விலை சொல்கிறார், ஜெர்மன் சாமான் வாழ்நாளுக்கும் உழைக்கும் என்கிறார்.

ஹவில்தார் உசிலம்பட்டி

அந்த வால்த்தரும் 32 என்றால் அதே 7.65 தோட்டாதான் சுடும், பல லட்சம் கொடுப்பதால் குண்டு கூடுதல் ஆழம் போகாது. 1980களின் நடுவிலிருந்து தனியாருக்கு வெளிநாட்டுத் துப்பாக்கி இறக்குமதி அடைத்துவிட்டதால், ஏற்கனவே நாட்டுக்குள் இருப்பது மட்டும் கைக்குக் கை மாறுகிறது, அந்தத் தட்டுப்பாட்டுக்குத்தான் அவ்வளவு விலை. ஸ்பிரிங் ஒன்று தளர்ந்தால் பாகம் எங்கே தேடுவீர்கள்? ஆசைக்கு வாங்குகிறவர்கள் வாங்கட்டும், உயிருக்கு நம்பி வைத்திருக்க வேண்டாம்.

ரிவால்வர் எடுங்கள். துப்பாக்கி தொட்டதே இல்லை என்கிறீர்கள். பிஸ்டலில் மேகசினை, அதாவது தோட்டா அடுக்கிய பெட்டியை ஏற்றி, மேல்தகட்டை முழுசாக இழுத்துவிட்டு, சேஃப்டியைத் தள்ளி, இவ்வளவும் ஞாபகம் வைத்துச் செய்ய வேண்டும். கை நடுங்குகிற நேரத்தில் தோட்டா சிக்கினால் அதை எடுத்துவிட்டு மறுபடி ஏற்றத் தெரிய வேண்டும். மேகசினை உருவிவிட்டுத் துப்பாக்கி காலி என்று நினைத்து உள்ளே ஒரு தோட்டா இருப்பதை மறந்து சுட்டுக்கொண்டவர்கள் பட்டாளத்திலேயே உண்டு. ரிவால்வரில் திறந்து பார்த்தால் தோட்டா உட்காரும் உருளையின் ஆறு துளையும் கண்ணுக்குத் தெரியும். ஒரு தோட்டா வெடிக்கவில்லை என்றால் மறுபடி ட்ரிக்கரை இழுத்தால் அடுத்தது வந்து நிற்கும்.

கான்பூர் தொழிற்சாலையின் பழைய 32 ரிவால்வர் நடுவில் மடிந்து திறக்கும் மாதிரி, வெப்லி வம்சம். 2014ல் வந்த நிர்பீக் டைட்டானியம் கலவையில் செய்தது, அரைக் கிலோ சுமார், கைப்பைக்கு என்று செய்தார்கள். 2023ல் வந்த பிரபலில் உருளை பக்கவாட்டில் வெளியே சாயும், 700 கிராம் எடை, தோட்டா போடுவதும் எடுப்பதும் சுலபம். கடையில் மூன்றையும் கையில் வாங்கிப் பிடித்துப் பாருங்கள். உங்கள் விரலுக்கு ட்ரிக்கர் எட்டுகிறதா, இழுக்கும்போது முனை கீழே சாய்கிறதா என்று பார்ப்பதுதான் முக்கியம். கொஞ்சம் கனமான துப்பாக்கி குறைவாக உதைக்கும், குறியும் நிற்கும், எடை குறைவைத் தேடி ஓட வேண்டாம்.

பத்து மீட்டர் பொண்ணு

அண்ணா, நான் ரைபிள் கிளப்பில் பிஸ்டல் சுடுகிறவள், போட்டிக்குப் போகிறேன். ஹவில்தார் ஐயா சொன்ன எல்லாவற்றுக்கும் கைதட்டுகிறேன், ஆனால் போர் பற்றி இவ்வளவு பேசினோம், பழக்கம் பற்றி ஒரு வரியில் போய்விட்டது, அதைத்தான் நான் சொல்ல வந்தேன்.

ரிவால்வரில் ட்ரிக்கரை நேராக இழுத்துச் சுட்டால் அந்த இழுப்பே சுத்தியலையும் பின்னால் கொண்டுபோக வேண்டும், ஆகவே ரொம்பக் கனமாக இருக்கும். புதிதாகச் சுடுகிற எல்லாரும் கடைசி நொடியில் கையை இறுக்கி முனையைக் கீழே தள்ளிவிடுவார்கள். நெஞ்சைக் குறிவைத்தவரின் குண்டு அதற்கு ரொம்பக் கீழே போய்விடுகிறது. இதை நான் கிளப்பில் புதிதாக வருகிற எல்லாரிடமும் பார்க்கிறேன், படித்தவர், பயில்வான் என்று வித்தியாசமே இல்லை. போர் எதுவானாலும் படாத குண்டு படாத குண்டுதான்.

தோட்டா இங்கே கடையில் அள்ளிக்கொள்கிற பொருள் இல்லை, வருடத்துக்கு இவ்வளவு, ஒரு நேரத்தில் கையில் இவ்வளவு என்று லைசென்சிலேயே வரம்பு இருக்கும். அமெரிக்கக்காரர் ஒரு மதியத்தில் சுட்டுத் தீர்க்கிறதை நாம் வருடம் முழுக்க வைத்துப் பழக வேண்டும். அதனால் ஒரு வழி சொல்கிறேன்: 177 ஏர் பிஸ்டல் வாங்குங்கள். 4.5 எம்எம், 20 ஜூலுக்குள் இருந்தால் லைசென்ஸ் தேவையில்லை, பெல்லட் விலை ரொம்பக் குறைவு. கிளப்பில் சேர்ந்து 10 மீட்டரில் அதைத் தினமும் சுடுங்கள். குறி பார்ப்பது, மூச்சு, விரலை மட்டும் அசைப்பது எல்லாம் அதில் வந்துவிடும். ரிவால்வர் வந்ததும் நகல் தோட்டா போட்டு, அசல் தோட்டா எல்லாம் வேறு அறையில் வைத்துவிட்டு, வெறும் ட்ரிக்கர் இழுத்துப் பழகுங்கள், முனை அசையாமல் இழுக்க வரும்வரைக்கும். அசல் தோட்டாவைக் கிளப்பில் பயிற்சியாளரோடு நின்று சுடுங்கள். லைசென்சுக்கு மனு போடும்போது பாதுகாப்புப் பயிற்சிச் சான்றிதழ் கேட்கிறார்கள் இல்லையா, அதை ஒரு காகிதமாக நினைக்காமல் அந்தப் பயிற்சியாளரையே பிடித்துக்கொள்ளுங்கள். உங்கள் தம்பியும் கற்றுக்கொள்ளட்டும், ஆனால் லைசென்ஸ் உங்கள் பெயரில் என்றால் அவர் அதைத் தூக்கிக்கொண்டு கடைக்குப் போக முடியாது.

சுவர் பற்றிச் சொன்னீர்கள். அமெரிக்க வீடியோவில் குண்டு சுவரைத் துளைத்து அடுத்த அறைக்குப் போகும் என்று பயமுறுத்துவார்கள், அங்கே உள்சுவர் மரச்சட்டமும் ஜிப்சம் பலகையும்தான். நம் வீடு செங்கல் சுவர், 32 அதைத் துளைக்காது. ஆனால் நம் வீட்டில் ஆபத்து வேறு மாதிரி: கிரானைட் தரை, சிமென்ட் சுவர், இரும்பு கிரில், இதில் சாய்வாகப் பட்ட குண்டு எங்கே தெறிக்கும் என்று யாராலும் சொல்ல முடியாது. பிளைவுட் கதவு, ஜன்னல் கண்ணாடி, மாடியில் தகரக் கூரை எல்லாம் குண்டுக்குத் தடையே இல்லை. நான்கு பிள்ளைகள் எந்த அறையில் எந்தச் சுவரோரம் தூங்குகிறார்கள், படிக்கட்டிலிருந்து பார்த்தால் எந்தப் பக்கம் சுடவே கூடாது என்பதைப் பகலிலேயே வீட்டைச் சுற்றி நடந்து முடிவு செய்யுங்கள். தலைமாட்டில் ஒரு நல்ல டார்ச் வையுங்கள். இருட்டில் யார் என்று தெரியாமல் விரலை ட்ரிக்கரில் வைக்கவே கூடாது, ராத்திரி தண்ணீர் குடிக்க எழுந்த உங்கள் அம்மாவாக இருக்கலாம்.

மேலமாசி

அண்ணே, எனக்கும் பஜாரில்தான் கடை. நான் துப்பாக்கி வேண்டாம் என்று முடிவெடுத்தவன். வழிமறிக்கிறவன் பின்னாலிருந்து பைக்கில் வந்து முதல் வெட்டை வெட்டிவிட்டுத்தான் நிற்கிறான், இடுப்பில் எந்த போர் இருந்தாலும் எடுக்க நேரம் எங்கே இருக்கிறது? வண்டி ஓட்டுகிற இரண்டு கையும் ஹேண்டில்பாரில் இருக்கும். சரக்கை வீட்டுக்குக் கொண்டுபோவதை நிறுத்த வழி பாருங்கள், பாங்க் லாக்கர் நேரத்துக்குள் பழைய தங்கம் வாங்குவதை முடியுங்கள். நகை வியாபாரிகளுக்கென்றே வழியில் போகும் சரக்கையும் சேர்த்து எடுக்கிற இன்சூரன்ஸ் இருக்கிறது. போகிற நேரத்தையும் வழியையும் மாற்றுங்கள், தனியாகப் போகாதீர்கள், மிளகு ஸ்பிரே வைத்துக்கொள்ள லைசென்ஸ் தேவையில்லை. பையைக் கேட்டால் கொடுத்துவிடுங்கள். தங்கம் திரும்பச் சம்பாதிக்கலாம்.

சாப்டூர் தோட்டம்

பேரையூர் தாண்டி மலையடிவாரத்தில் எங்கள் தோப்பு. அப்பா காலத்திலிருந்து இரட்டைக்குழல் 12 போர் இருக்கிறது, பன்றிக்கூட்டம் வந்தால் சத்தம் கொடுக்கத்தான் முக்கால்வாசி உபயோகம், சுடுவதற்கு வனத்துறை சட்டம் இருக்கிறது. பஜார் அண்ணன் வழியில் நடக்கிறதைப் பற்றிச் சொன்னது சரி, ஆனால் வீட்டுக்குள் ஏறி வருகிறவனுக்கு அது பதில் இல்லை. வீட்டுக்கு என்றால் என் ஓட்டு 12 போருக்கு.

சக்தியைப் பார்த்தால் 32 கிட்டேயே வராது, ஒரு தோட்டாவில் 2000 ஜூலுக்கு மேல். ஒரு பவுண்டு ஈயத்தைப் பன்னிரண்டு சம உருண்டையாக்கினால் ஒரு உருண்டை சேருகிற குழாய் என்பதால் அதற்கு 12 என்று பெயர், அதனால்தான் எண் குறையக் குறையக் குழாய் பெரிது. பெரிய ரவை போட்ட எஸ்ஜி, எல்ஜி தோட்டா ஒரே தரம் பல குண்டாகப் போகும். இன்னொன்று, லைசென்ஸ் சட்டமே இதற்குத்தான் சாதகம். பாதுகாப்புக்கோ விளையாட்டுக்கோ 20 அங்குலத்துக்குக் குறையாத, உட்புறம் வரியில்லாமல் வழவழப்பான குழாய் உள்ள இந்த மாதிரித் துப்பாக்கி கேட்டால், வேறு தடை இல்லாதபட்சத்தில் கொடுக்க வேண்டும் என்கிறது 1959 ஆயுதச் சட்டம். கைத்துப்பாக்கிக்குத்தான் தனிக் காரணம் காட்ட வேண்டும், அதை வாங்குவது ரொம்பக் கஷ்டம்.

சங்கடம் என்னவென்றால் நீளம். எங்கள் வீட்டுத் திண்ணையில் நின்றால் சரி, உங்கள் வீட்டு நடைவழியில் கதவு திறந்து திரும்பும்போது குழாய் எங்காவது இடிக்கும், எதிராளி குழாயைப் பிடித்துக்கொள்வான். பஜாரிலிருந்து பைக்கில் கொண்டுபோவதும் நடக்காது. ஆக உங்களுக்குக் கைத்துப்பாக்கிதான் என்றால் சரி, ஆனால் இரண்டு வரை வைத்துக்கொள்ளலாம் என்பது இப்போதைய சட்டம், 2019 திருத்தத்துக்கு முன்னால் மூன்று. பின்னால் யோசித்துப் பாருங்கள்.

தோட்டா எந்த போரானாலும் பழசை நம்பாதீர்கள். நம் ஊர் மழைக்காலத்தில் பெட்டிக்குள் ஈரம் இறங்கி, அட்டைத் தோட்டா உப்பிக் குழாயில் ஏறாமல் போயிருக்கிறது. காற்றுப் புகாத டப்பாவில் வையுங்கள், சில வருடத்துக்கு ஒருதரம் பழசைக் கிளப்பில் சுட்டுவிட்டுப் புதிது வாங்குங்கள். தோலுறைக்குள்ளேயே துப்பாக்கியைப் போட்டுப் பீரோவில் வைக்காதீர்கள், தோல் ஈரத்தை இழுத்து இரும்பில் துரு ஏற்றும். தேர்தல் அறிவித்தால் ஸ்டேஷனில் ஒப்படைக்கச் சொல்வார்கள், திரும்பி வந்ததும் எண்ணெய் போட்டுத் துடைக்காமல் உள்ளே வைக்காதீர்கள். தேர்தல் முடிகிறவரைக்கும் உங்கள் கையில் துப்பாக்கி இருக்காது என்பதையும் கணக்கில் வையுங்கள், அப்போது கதவும் நாயும்தான். ராஜபாளையமோ கோம்பையோ ஒன்று வளர்க்க இடம் இருந்தால் வளருங்கள், இதை நான் துப்பாக்கிக்கு மேலே வைப்பேன்.

பெஞ்ச் வக்கீல்

மதுரைக் கிளையில் தொழில் செய்கிறேன். போர் எனக்குத் தெரியாது, ட்ரிக்கரை இழுத்த அப்புறம் என்ன நடக்கும் என்பது தெரியும்.

தற்காப்பு உரிமை 2024 ஜூலை 1 முதல் பாரதிய நியாய சன்ஹிதாவில் 34லிருந்து 44 வரை இருக்கிறது, பழைய தண்டனைச் சட்டத்தில் 96லிருந்து 106. உயிரைப் பறிக்கிற அளவுக்கு அந்த உரிமை எப்போது நீளும் என்பது 38ல், பழைய 100. சாவோ கொடுங்காயமோ நேரும் என்று நியாயமான அச்சம் தருகிற தாக்குதல், பாலியல் வன்கொடுமை, கடத்தல், ஆசிட் வீச்சு இப்படி. உடைமைக்காக என்றால் 41: கொள்ளை, சூரியன் மறைந்த பின் உதிக்கும் முன் வீட்டை உடைத்து நுழைவது, குடியிருக்கும் வீட்டுக்குத் தீவைப்பது, அப்புறம் உயிருக்கோ உடம்புக்கோ ஆபத்து என்று நியாயமாக அஞ்ச வைக்கிற திருட்டு. எல்லாவற்றுக்கும் மேலே 37 இருக்கிறது: தேவைக்கு மேல் ஒரு துளியும் கூடாது, போலீசிடம் போக நேரம் இருந்தால் இந்த உரிமையே கிடையாது.

உங்களுக்குத் தெரிந்திருக்கலாம், 2012ல் இதே மதுரை மாவட்டத்தில் மகளைக் காப்பாற்றக் கிரிக்கெட் மட்டையால் கணவனை அடித்ததில் அவன் இறந்துபோன வழக்கில், அப்போதைய எஸ்பி அஸ்ரா கர்க் அந்தத் தாயைத் தற்காப்பு என்று சொல்லி 100ஆம் பிரிவைக் காட்டி விடுவித்தார். அது அபூர்வம். பெரும்பாலும் வழக்கு பதிவாகும், துப்பாக்கி பறிமுதல் ஆகும், தற்காப்புதான் என்று காட்டுகிற பொறுப்பு உங்கள் மேல் விழும். அரசுத் தரப்பு மாதிரி சந்தேகத்துக்கு இடமின்றி நிரூபிக்க வேண்டியதில்லை, நடந்திருக்க வாய்ப்பு அதிகம் என்று காட்டினால் போதும், ஆனால் காட்ட வேண்டும். அதற்குப் பார்ப்பது குண்டு எத்தனை, எங்கே பட்டது, முன்பக்கமா முதுகா, எவ்வளவு தூரம் என்பதைத்தான். 32ஆ 45ஆ என்று எந்த நீதிபதியும் பெரிதாக எடுத்துக்கொள்ள மாட்டார்.

நகைக்கடைக்காரர்கள் எல்லாரும் கேட்கிற கேள்விக்கு முன்கூட்டியே பதில்: பையைப் பிடுங்கிக்கொண்டு ஓடுகிறவன் முதுகில் சுடாதீர்கள். திருட்டுக்கு எதிரான உரிமை எதுவரை நீடிக்கிறது என்று 43ல் வாதாட இடம் உண்டு, ஆனால் கொல்லுகிற அளவுக்கு உரிமை என்பது உங்கள் உயிருக்கோ உடம்புக்கோ அச்சம் இருக்கிற வரைக்கும்தான். அவன் ஓட ஆரம்பித்ததும் அந்த அச்சம் முடிந்துபோகிறது. அப்புறம் அது பஜார், கூட்டம் இருக்கும், குறி தப்பி வேறு யார் மேலாவது பட்டால் உங்கள் குடும்பமே சாய்ந்துவிடும். பயமுறுத்துவதற்காகத் துப்பாக்கியை எடுத்துக் காட்டுவதும், கல்யாணத்தில், காதுகுத்தில் வானத்தைப் பார்த்துச் சுடுவதும் லைசென்சைக் காலி பண்ணிவிடும். பின்னதற்கு இரண்டு வருடம் வரை சிறையோ ஒரு லட்சம் வரை அபராதமோ, இரண்டுமோ உண்டு.

தெற்காவணிக்காரன்

எல்லாருக்கும் பெரிய நன்றி. தம்பியோடும் மனைவியோடும் உட்கார்ந்து இதையெல்லாம் வாசித்துக் காட்டினேன். மேலமாசி அண்ணன் சொன்னபடி சரக்கு வீட்டுக்கு வருவதை நிறுத்துவது என்று முடிவு, சாயங்காலம் ஐந்து மணிக்கு மேல் பழைய தங்கம் எடுக்கப் போவதில்லை, வியாபாரம் கொஞ்சம் குறையட்டும். லைசென்ஸ் வந்தால் 32 ரிவால்வர், உருளை பக்கவாட்டில் சாயும் மாதிரி. இந்த ஞாயிறே கிளப்பில் சேரப் போகிறேன், ஏர் பிஸ்டலும் அங்கேயே கேட்கிறேன். ஒரே ஒரு சந்தேகம் பாக்கி: பிள்ளைகள் இருக்கிற வீட்டில் ரிவால்வரை எங்கே வைப்பது? பீரோவில் பூட்டினால் அவசரத்துக்கு எடுக்க முடியாது, தலையணைக்கு அடியில் வைக்க எனக்கு மனசில்லை.

ஹவில்தார் உசிலம்பட்டி

தலையணைக்கு அடியில் கூடவே கூடாது, உங்கள் மனசு சொன்னதுதான் சரி. படுக்கிற அறையில் உங்கள் உயரத்துக்குச் சுவரில் போல்ட் போட்டு முடுக்கிய சின்ன இரும்புப் பெட்டி, எண் அழுத்தித் திறக்கிற பூட்டு, பேட்டரி தீர்ந்தால் திறக்க ஒரு சாவி. லைசென்ஸ் உங்கள் பெயரில் என்பதால் எண் உங்களுக்கு மட்டும். சாவியை வீட்டில் வைக்காமல் உங்கள் அரைஞாணிலோ வண்டிச் சாவியோடோ வையுங்கள். பிள்ளைகள் முன்னால் எண் அழுத்தாதீர்கள், அவர்கள் ஒரே பார்வையில் பிடித்துவிடுவார்கள். பகலில் நீங்கள் கடையில் இருக்கும்போது வீட்டில் துப்பாக்கி இருந்தால் தோட்டாவை வேறு பூட்டில் வைத்துவிட்டுப் போங்கள், ராத்திரி வந்து நீங்களே ஏற்றுங்கள், காலையில் நீங்களே இறக்குங்கள். இருட்டில் பெட்டியைத் திறந்து துப்பாக்கியை வெளியே எடுக்க எவ்வளவு நேரம் ஆகிறது என்று தோட்டா இல்லாமல் செய்து பாருங்கள்.

பெட்டி வாங்கும்போது அளவு பார்த்து வாங்குங்கள், பிரபல் முனையிலிருந்து பிடி வரைக்கும் 18 சென்டிமீட்டர் சுமார் வரும், தோட்டா டப்பாவும் ராத்திரிக்கு உள்ளே நிற்க வேண்டும்.